கரும்புக் காட்டுக்கு மேல் 400 கிலோவோல்ட்: நேட்டால் வடகரையில் ஒரு மின்பாதைக்கு நிலம் கிடைத்த விதம்

இது ஒரு மின்பாதையின் சிறு துண்டைப் பற்றிய பதிவு. தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில், டொங்காட்டுக்கும் குவாடுகுஸாவுக்கும் இடைப்பட்ட கரும்புப் பகுதியில், ஆறு தமிழ்க் குடும்பங்களின் பண்ணைகளை அந்தத் துண்டு கடக்க வேண்டியிருந்தது. பாதைத் தேர்வையும் நிலப் பேச்சையும் கவனித்த ஆலோசனைக் குழுவில் நான் மின்பாதைப் பொறியாளராக இருந்தேன். ஆட்களின் பெயர்களையும் பண்ணைகளின் சரியான இடத்தையும் பாதையின் பெயரையும் தரவில்லை. அடுத்த பத்தாண்டில் இந்த நாட்டில் இன்னும் எத்தனையோ துண்டுகளுக்கு இதேபோல் நிலம் கேட்கப் போகிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

பின்னணி

தென்னாப்பிரிக்காவின் மின்கட்டமைப்பு நிலக்கரியைச் சுற்றி வளர்ந்தது. அனல் நிலையங்களில் பெரும்பாலானவை ம்புமலாங்கா மாகாணத்தில், சுரங்கங்களை ஒட்டியே இருக்கின்றன. அங்கிருந்துதான் ஜோஹன்னஸ்பர்க்குக்கும், கீழே கடற்கரையில் டர்பன், ரிச்சர்ட்ஸ் பே துறைமுகங்களுக்கும், தெற்கே கேப் பகுதிக்கும் லைன்கள் போயின. வெயிலும் காற்றும் இருப்பதோ வேறு மூலையில். வெயில் வட கேப்பில் அப்பிங்டன் பக்கம். காற்று கிழக்கு, மேற்கு கேப் மாகாணங்களில். அங்கே ஏற்கெனவே இருந்த லைன்கள் அந்த ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகப் போட்டவை. ஆயிரக்கணக்கான மெகாவாட்டை அங்கிருந்து வெளியே கொண்டுவர அவற்றில் இடம் இல்லை.

இதன் விளைவு 2022 டிசம்பரில் நாட்டுக்கே தெரிந்தது. அரசின் புதுப்பிக்கத்தக்க மின்சாரக் கொள்முதலின் ஆறாவது சுற்றில் காற்றாலைத் திட்டம் ஒன்றுகூடத் தேர்வாகவில்லை. கேப் மாகாணங்களின் லைன்களில் மிச்சமிருந்த இடத்தைத் தனியார் வாடிக்கையாளர்களுக்கான திட்டங்கள் முன்பே எடுத்துக்கொண்டிருந்தன. மின்வெட்டு உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. அடுத்த ஆண்டான 2023 மின்வெட்டுக்கு மிக மோசமான ஆண்டாக முடிந்தது. காற்றாலை கட்ட ஆள் இருந்தும் இணைக்கக் கம்பி இல்லாமல் போனதைத் துறையில் இருக்கும் யாரும் மறக்க மாட்டார்கள்.

2024 ஜூலை 1 முதல் மின்செலுத்துப் பணி, அரசு மின் நிறுவனமான எஸ்காமின் கீழ் தனி நிறுவனமாக இயங்குகிறது. பத்தாண்டில் 14,000 கிலோமீட்டருக்கு மேல் புதிய லைன் போட வேண்டும் என்பது திட்டம். முந்தைய பத்தாண்டில் போட்டதைப் போல இது ஏறக்குறைய மூன்று மடங்கு.

குவாசூலு-நேட்டாலுக்கு இதில் என்ன பங்கு? இந்த மாகாணத்தின் தேவையில் பெரும்பகுதி வெளியிலிருந்து கம்பி வழியாகத்தான் வருகிறது. ம்புமலாங்காவின் பழைய அனல் நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்படும். கோமாட்டி 2022 அக்டோபரிலேயே நின்றுவிட்டது. அப்புறம் டர்பனுக்கு மின்சாரம் இன்னும் தொலைவிலிருந்து, வேறு திசையிலிருந்து வர வேண்டும். மாகாண எல்லையில், டிராகன்ஸ்பர்க் மலைப்பகுதியில் 1,000 மெகாவாட், 1,332 மெகாவாட் கொண்ட இரண்டு நீரேற்று நிலையங்கள் இருக்கின்றன. நடுப்பகல் வெயிலில் கிடைக்கும் மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி, மாலையில் இறக்கி மின்சாரமாகத் திரும்பப் பெற அவை அருமையான இடங்கள். ஆனால் வட கேப்பின் வெயில் அவ்வளவு தூரம் வந்து சேரக் கம்பி வேண்டும். அதோடு, ஒரு லைன் விழுந்தாலும் மற்றவை சுமையைத் தாங்க வேண்டும் என்பது கட்டமைப்பின் அடிப்படை விதி. வடகரையில் அந்த விதிக்கு இடம் குறைந்துகொண்டே வந்தது. எங்கள் பாதை அதற்காகத்தான்.

2018 பிப்ரவரியில் அரசு ஐந்து மின்பாதை வழித்தடங்களை அரசிதழில் அறிவித்தது. கிழக்கு வழித்தடம் இந்தக் கரையோரம் போகிறது. அந்த அறிவிப்பின்படி வழித்தடத்துக்குள் வரும் பாதைக்கு முழு சுற்றுச்சூழல் ஆய்வு வேண்டாம், சுருக்கமான மதிப்பீடு போதும். ஆனால் நில உரிமையாளர்களோடு முன்கூட்டியே பேசி முடித்த பாதையைத்தான் சமர்ப்பிக்க வேண்டும். நேரம் மிச்சமாகிறது என்று எல்லோரும் பாராட்டுவது முதல் பாதியை. வேலை முழுதும் இருப்பது இரண்டாவது பாதியில்.

இடமும் மக்களும்

1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேலானவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள், பெரும்பாலும் இந்தக் கரும்புத் தோட்டங்களுக்கு. ஒப்பந்தம் முடிந்த சிலர் நாலைந்து பேராகச் சேர்ந்து, ஒரே பத்திரத்தில், பங்கு பிரிக்காமல் நிலம் வாங்கினார்கள். நாங்கள் பேசிய ஆறு குடும்பங்களும் அப்படி வாங்கியவர்களின் கொள்ளுப்பேரர்கள். எழுபது வயதைத் தாண்டியவர்களுக்குத் தமிழ் நன்றாக வரும். பிள்ளைகள் ஆங்கிலம் பேசுகிறார்கள். பண்ணை வேலை செய்யும் ஜூலு குடும்பங்களும் தலைமுறைகளாக அங்கேயே இருக்கின்றன.

நாங்கள் போன நேரமும் நல்ல நேரம் இல்லை. 2021 ஜூலைக் கலவரம் வந்து போயிருந்தது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட்டின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, ஊரில் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் வரவில்லை. கோப்பும் வரைபடமுமாக வருகிற யாரையும் நம்புகிற மனநிலையில் அவர்கள் இல்லை. அதில் தப்பும் இல்லை.

என்ன கண்டோம்

முதல் கூட்டம் பள்ளிக்கூடக் கூடமொன்றில் நடந்தது. ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் விளக்கம் சொல்லி முடிந்தது. 55 மீட்டர் அகலப் பட்டை, நிலம் உங்களுடையதுதான், லைன் போகவும் ஆட்கள் உள்ளே வரவும் உரிமை மட்டும் எழுதித் தர வேண்டும், பட்டைக்குள் கட்டடமும் உயரமாக வளரும் பயிரும் கூடாது. கேள்விகள் பணத்தைப் பற்றியே இருந்தன. கடைசி வரிசையில் எண்பது வயதைக் கடந்த ஆயா ஒருவர் உட்கார்ந்திருந்தார். வரைபடத்தைப் பேத்தியிடம் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டு, என்னைக் கூப்பிட்டார். "தம்பி, உங்க மூணாவது டவர் எங்க மாமியார் மேல நிக்குது."

அதைக் கேட்டதும் கூடம் அமைதியானது. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு தொல்லியல் வல்லுநர் பாதை நெடுக நடந்து, அந்த இடத்தில் எதுவும் காணப்படவில்லை என்று அறிக்கை கொடுத்திருந்தார். அவர் நடந்தது கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நின்ற மாதத்தில். வடகரையில் கரும்பு வெட்டுக்கு வர ஒரு வருடத்துக்கு மேலாகும். நின்ற கரும்புக்குள் இரண்டடி தள்ளி இருப்பதே தெரியாது. அறிக்கையில் பொய் இல்லை. பார்க்க முடியாத நேரத்தில் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்த ஜூலையில் அந்த வயலைக் கொளுத்தி வெட்டி முடித்த மறுநாள் திரும்ப நடந்தோம். ஆயாவின் மகன் முன்னால் போனார். கருகிய தோகைக்கும் கட்டைகளுக்கும் நடுவே ஆற்றுக்கற்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொரு வரிசையும் ஓர் ஆள் நீளம். ஒன்றின் தலைமாட்டில் செங்கல் விளிம்பும் உடைந்த பீங்கான் கிண்ணமும் கிடந்தன. தலைமுறை தலைமுறையாக உழவு அந்தத் திட்டைச் சுற்றித்தான் போயிருக்கிறது. டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்கு அது தெரியும், பத்திரத்தில் கிடையாது. எங்களோடு வந்த ஜூலு மேஸ்திரி, மேட்டுப் பக்கம் இருந்த மூன்று வரிசைகள் தன் பாட்டனார் குடும்பத்துடையவை என்றார். அந்தத் தகவலும் எந்த அறிக்கையிலும் இருக்கவில்லை.

திட்டுக்குக் கிழக்கே தகரக் கூரை போட்ட சின்ன மாரியம்மன் கோயில். ஆடி மாதம் ஆறு குடும்பமும் கூடிக் கூழ் ஊற்றும் இடம். அது பட்டைக்குள் சில மீட்டர் வந்தது. 1999ஆம் ஆண்டின் மரபுவளச் சட்டப்படி, முறையான இடுகாட்டுக்கு வெளியே உள்ள 60 வருடத்துக்கு மேற்பட்ட கல்லறைகளை அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. 60 வருடம் கடந்த கட்டடத்துக்கும் அதேபோல் பாதுகாப்பு உண்டு.

இரண்டாவது சிக்கல் தீ. இங்கே கரும்பை வெட்டுவதற்கு முன் தோகையைக் கொளுத்துவது வழக்கம். லைனுக்கு அடியில் கொளுத்தினால் சூடான காற்று மெலிந்து, காப்புத்திறனை இழக்கிறது. புகையில் கரித்துகள் கலந்திருக்கும். மின்சாரம் கம்பியிலிருந்து அந்தச் சுவாலை வழியாக நிலத்துக்கோ பக்கத்துக் கம்பிக்கோ தாவுகிறது, லைன் ட்ரிப் ஆகிறது. வெட்டுப் பருவம் ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை. நாட்டின் மின் தேவை உச்சத்துக்குப் போகும் ஜூன், ஜூலை குளிர்காலமும் அதற்குள்தான் வருகிறது. மின்சாரம் மிக அதிகமாகத் தேவைப்படும் மாலையில் ஒரு பண்ணையின் தீ ஒரு நகரத்தின் லைனைத் தள்ளிவிட முடியும். ஆகவே பட்டைக்குள் கரும்பு கூடாது என்பதில் யாருக்கும் விட்டுக்கொடுக்க இடமில்லை. விவசாயிகள் கேட்டது நியாயமான கேள்வி. கரும்பு ஒருமுறை நட்டால் கட்டை பல வருடம் தழைக்கும். நிற்கிற பயிருக்கு மட்டும் விலை போட்டால் வரப்போகிற கட்டைப் பயிர்களின் வருமானம் யார் கணக்கில்?

மூன்றாவதுதான் நாங்கள் எதிர்பாராதது. பாதை உரிமையைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் பதிய, பத்திரத்தில் உள்ள எல்லா உரிமையாளரும் கையெழுத்திட வேண்டும். ஆறு பத்திரங்களில் நான்கில் இருந்த பெயர்கள் இறந்தவர்களுடையவை. ஒன்றில் ஐந்து பங்குதாரர், ஐந்து பேரும் காலமாகிவிட்டார்கள். வாரிசுகள் ஜோஹன்னஸ்பர்க், லண்டன், டொராண்டோ என்று பரந்து கிடந்தார்கள். உழுகிறவரிடம் நிலம் இருக்கிறது, கையெழுத்திடும் அதிகாரம் இல்லை. இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகம் ஆள் நியமித்துக் கடிதம் தந்த பிறகே அடுத்த படி.

நான்காவதாக எல்லோரும் கேட்டது: "இந்த லைன் வந்தா எங்க வீட்டுல கரண்ட் போகாதா?"

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஆயா சொன்ன மறுவாரமே அந்தத் துண்டின் வடிவமைப்பை நிறுத்தி, வெட்டுக்காகக் காத்திருப்பது என்று முடிவு செய்தோம். இதனால் பல மாதம் போனது. திட்ட மேலாளர் தரப்பில் எதிர்ப்பு இருந்தது. மண்ணுக்கடியில் பார்க்கும் ரேடார் கருவியை வைத்து இப்போதே தேடலாமே என்றார்கள். நின்ற கரும்புக்குள் கருவியை இழுத்துப் போக முடியாது. வெட்டியபின் அது தேவையே படாது, ஆட்கள் காட்டுவார்கள். அப்படித்தான் ஆனது.

கல்லறைகள் உறுதியானதும் இரண்டு வழி இருந்தது. அனுமதி வாங்கிக் கல்லறைகளை இடம் மாற்றி, கோயிலைப் பட்டைக்கு வெளியே புதிதாகக் கட்டித் தருவது ஒன்று. பாதையையே நகர்த்துவது மற்றொன்று. முதல் வழிக்குக் குடும்பங்களுக்குள்ளேயே ஆதரவு இருந்தது. தகரக் கொட்டகைக்குப் பதில் ஓடு வேய்ந்த நல்ல கோயில் கிடைக்கும் என்று இளைய தலைமுறையில் இருவர் உறுதியாகப் பேசினார்கள். மூத்தவர்கள் கோயிலை மாற்றக்கூடச் சம்மதித்தார்கள். கல்லறையைத் தோண்ட ஒப்பவில்லை. ஜூலு குடும்பமும் அதையே சொன்னது.

நாங்கள் பாதையை நகர்த்தினோம். நேராகப் போகும் லைனைத் தாங்கும் டவர் எடை குறைவு. லைன் திரும்பும் இடத்து டவர் கம்பியின் இழுவையை முழுதாகத் தாங்க வேண்டும். எஃகும் அடித்தளக் கான்கிரீட்டும் பல மடங்கு கூடும். நகர்த்தியதால் அப்படி இரண்டு திருப்ப டவர்கள் கூடின. செலவைக் காட்டி இதை எதிர்த்தவர்களுக்கு எங்கள் பதில், புதிய பாதை ஏற்கெனவே மதிப்பிட்ட வழித்தடத்துக்குள்ளேயே இருக்கிறது, ஆகவே சுற்றுச்சூழல் அனுமதியைப் புதிதாக எடுக்க வேண்டாம் என்பது. கல்லறை அனுமதிக்கு எவ்வளவு காலம் ஆகும், இடையில் யார் நீதிமன்றம் போவார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. டவரின் விலையையோ முன்கூட்டியே எழுதிக் கொடுக்க முடியும். என் பார்வையில் இதுவே சரியான முடிவு, அந்தக் கணக்கு இல்லாவிட்டாலும்.

டவர் வகையையும் மாற்றினோம். இந்த நாட்டில் இழுகம்பிகளால் நிற்கும் டவர்கள் பரவலாக உண்டு, எஃகு குறைவு. ஆனால் அந்த இழுகம்பிகள் வயலில் வெகுதூரம் பரவி டிராக்டருக்கும் கரும்பு லாரிக்கும் தடையாகும். தன் காலில் நிற்கும் டவரையே தேர்ந்து, வயலின் நடுவில் வராமல் பண்ணைச் சாலை ஓரத்தில் விழும்படி இடைவெளிகளைத் திருத்தினோம்.

கரும்புக்கு, நிற்கும் பயிரோடு மீதமுள்ள கட்டைப் பயிர்களின் வருமானத்தையும் சேர்த்து இழப்பீடு. பட்டையில் குட்டைப் பயிர் வைக்கலாம். பலர் மடும்பிக் கிழங்கும் பீன்ஸும் போடச் சம்மதித்தார்கள்; மடும்பிக்கு டர்பன் சந்தையில் எப்போதும் கிராக்கி உண்டு. பட்டையை ஒட்டிய வயலைக் கொளுத்துவதற்கு முன்பு போன் செய்வது, காற்று லைன் பக்கம் அடித்தால் தள்ளிப்போடுவது என்று எழுத்தில் ஒப்பந்தம்.

பத்திரச் சிக்கலுக்கு, வாரிசு நடைமுறைக்கான வழக்கறிஞர் செலவைத் திட்டமே ஏற்றது. உரிமையாளர் பத்திரத்தை உரிமையாளர்தான் சரிசெய்ய வேண்டும் என்பதே வழக்கம். அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் லைன் வராது. குடும்பங்களுக்கோ லைன் போனபிறகும் பயன்படக்கூடிய சுத்தமான பத்திரம் கிடைக்கும்.

கரண்ட் கேள்விக்கு உள்ளதைச் சொன்னோம். 400 கிலோவோல்ட் லைனிலிருந்து வீட்டுக்கு இணைப்பு எடுக்க முடியாது. வீட்டு மின்சாரம் நகராட்சியின் துணைமின் நிலையம் வழியாக வருவது. அங்கே கேபிள் பழுதானால் இந்த லைன் காப்பாற்றாது. நாடு முழுவதற்குமான மின்வெட்டு குறைய இது உதவும், உங்கள் தெருவின் பழுதுக்கு உதவாது. இப்படிச் சொல்ல வேண்டாம், ஆதரவு போய்விடும் என்று குழுவிலேயே சிலர் பயந்தார்கள். ஆதரவு போகவில்லை. பெரியவர் ஒருவர், "இதையாவது நேராச் சொன்னீங்க" என்றார்.

பிறகு நடந்தது

பத்திரம் சரியாக இருந்த இரண்டு குடும்பங்களும் முதலில் கையெழுத்திட்டன. வாரிசு நடைமுறை தேவைப்பட்ட நான்கில் மூன்று முடிய ஒரு வருடத்துக்கு மேலானது. தாமதத்துக்கு முக்கியக் காரணம் பகை இல்லை, ஆவணம்தான். 1950களில் இறந்த ஒருவரின் இறப்புச் சான்றில் பெயர் ஒரு விதமாகவும் பத்திரத்தில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருந்தது. ஒப்பந்தக் கூலிகளின் பெயரைக் கப்பல் எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுத, அடுத்தடுத்த அலுவலகங்கள் அவரவர் விருப்பப்படி மாற்றிய கதை இது. இரண்டும் ஒரே ஆள் என்று சத்தியப் பிரமாணங்கள் வாங்க வேண்டியிருந்தது.

டவர்கள் எழுந்து எங்கள் துண்டில் கம்பியும் இழுத்தாயிற்று. கல்லறைத் திட்டைச் சுற்றிக் குடும்பங்கள் வேலி போட்டன, செலவு திட்டத்துடையது. கோயில் அதே இடத்தில் இருக்கிறது. புதுக் கோயில் கேட்ட இளைஞர்களின் மனக்குறை இன்னும் தீரவில்லை. அவர்கள் பக்கமும் காரணம் உண்டு. ஆளில்லாமல் மூடிக்கிடக்கும் சின்னக் கோயில்கள் அந்தக் கரையில் பல இருக்கின்றன.

தீ ஒப்பந்தம் ஆறு பண்ணைகளில் ஒழுங்காக நடந்தது. ஆனால் கூட்டத்துக்கே அழைக்கப்படாத பக்கத்துப் பண்ணை ஒன்று காற்றடித்த நாளில் கொளுத்தியது. அந்த நிலத்தை லைன் தொடவில்லை என்பதால் யாரும் அவர்களிடம் பேசவில்லை. லைனில் இன்னும் மின்சாரம் இல்லாததால் விபத்து நேரவில்லை; சாம்பல் படிந்த இன்சுலேட்டர்களைக் கழுவ வேண்டி வந்தது.

அடுத்த முறை மாற வேண்டியவை

பத்திரத் தேடல்தான் முதல் வேலையாக இருக்க வேண்டும், வரைபடத்தில் கோடு போடுவதற்கும் முன்பு. எந்த நிலம் இறந்தவர் பெயரில் இருக்கிறது என்பது பதிவகத்தில் சில நாளில் தெரிந்துவிடும். அதைச் சரிசெய்யத்தான் வருடம் பிடிக்கிறது. அந்த வருடத்தை வடிவமைப்பு, மதிப்பீடு, கொள்முதல் ஆகியவற்றோடு சேர்த்து ஓட விட்டால் மொத்தத் தாமதத்தில் பெரும்பகுதி மறைந்துவிடும். நேட்டாலில் இந்தியக் குடும்பங்களின் கூட்டு நிலங்கள் இருக்கும் எந்த வட்டாரத்துக்கும் இது பொருந்தும்.

கரும்புப் பகுதியில் தொல்லியல் நடையை வெட்டு அட்டவணையோடு கட்ட வேண்டும். ஒவ்வொரு வயலும் வெட்டிய ஒரு வாரத்துக்குள், அந்த வயலை உழுகிறவர் கூடவே வர. ஆலைகளிடம் வெட்டு அட்டவணை இருக்கிறது, கேட்டால் தருவார்கள்.

கூட்டத்தில் பேசும் மொழி மூத்தவர்களுக்கும் எட்ட வேண்டும். ஆயாவோடு பேத்தி வராமல் இருந்திருந்தால் டவர் குழி தோண்டும்போதுதான் நமக்குத் தெரிந்திருக்கும், அதுவும் எலும்போடு.

லைன் தொடாத நிலமானாலும், தீயோ புகையோ எட்டும் தூரத்தில் உள்ள எல்லாப் பண்ணைகளையும் தீ ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். இதற்கு இழப்பீடு கேட்பார்கள். கொடுப்பதே மலிவு என்று நினைக்கிறேன்.

ஆறாவது பத்திரம் இதை எழுதும்போதும் முடியவில்லை. டொராண்டோவில் உள்ள வாரிசு ஒருவரின் கையெழுத்து அங்குள்ள நோட்டரி முன் போடப்பட்டு வந்து சேர வேண்டும். அந்தக் குடும்பம் வேலைக்கு இடைக்கால அனுமதி தந்ததால்தான் டவர் எழுந்தது. பதிவு முடியாமல் லைனில் மின்சாரம் ஏற்றுவதில்லை என்று அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.